மேகத்தை ஆராயப் போய் அணுத்துகளின் தடத்தைக் கண்டவர்

கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள் ஓடும் பாதையை உலகுக்குப் படம் பிடித்துக் காட்டிய மேதை சி.டி.ஆர். வில்சன்.

இவர் 1869-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். தந்தை ஆடு வளர்த்த விவசாயி. வில்சனுக்கு 4 வயதானபோது தந்தை காலமானார். தாய் குடும்பத்தோடு மான்செஸ்டர் நகருக்குப் பிழைக்க வந்தார். மூத்த தாரத்து அண்ணன் பண உதவி செய்து படிக்க வைத்தார். டாக்டராக விரும்பிய வில்சன், உதவித்தொகை பெற்று 1888-ல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். அங்கே பௌதிகம் அவரை இழுத்துக்கொண்டது.

1894 செப்டம்பரில், பென் நெவிஸ் மலை உச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் இரண்டு வாரம் தற்காலிக வேலை கிடைத்தது. மேகத்தின் மீது வெயில் பட்டுத் தோன்றிய வண்ண வளையங்கள் அவர் மனதைக் கவர்ந்தன. அதைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிப் பார்க்க ஆசைப்பட்டார்.

கண்ணாடிக் கலத்தில் ஈரக்காற்றை அடைத்துச் சட்டென்று விரியச் செய்தால், காற்று குளிர்ந்து மேகம் உண்டாகும். தூசியே இல்லாத காற்றிலும் சில துளிகள் தோன்றின. 'அயனி' எனப்படும் மின்னூட்டம் பெற்ற அணுக்களின் மீது அவை படிகின்றன என்று வில்சன் கண்டறிந்தார். அப்படியானால், காற்றைத் துளைத்து ஓடும் துகளின் வழி நெடுகத் துளிகள் கோடு போட வேண்டும் அல்லவா?

கண்ணாடியைத் தாமே ஊதிக் கருவிகள் செய்தார். பொறுமையாக உழைத்தார். முதல் சோதனை நடந்து 16 ஆண்டுகளுக்குப் பிறகு, 1911-ல், அந்தக் கோடுகள் படத்தில் விழுந்தன!

1927-ல் அமெரிக்கர் காம்ப்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1932-ல் ஆண்டர்சன் என்பவர் மேகக்கலப் படத்தில், காந்தத்தால் எலக்ட்ரானுக்கு எதிர்ப்பக்கம் வளைந்த கோடு ஒன்றைக் கண்டார். பாசிட்ரான் என்ற புதிய துகள் அப்படித்தான் பிடிபட்டது.

ஓய்வுபெற்று ஸ்காட்லாந்து திரும்பிய பிறகும் வில்சன் சும்மா இருக்கவில்லை. இடி மேகத்தின் மின்சாரம் பற்றி 87-வது வயதில் கட்டுரை வெளியிட்டார். 1959-ல், 90 வயதில் மறைந்தார்.

பின்னாளில் இத்தகைய படங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. மேஜை முன் அமர்ந்து ஒவ்வொரு கோடாக அளந்து குறிக்கத் தனி ஊழியர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களில் பலர் பெண்கள்.

பிறகு வந்த கருவிகளில் கோடு விழுவதில்லை. துகள் கடந்த இடங்கள் புள்ளிகளாக மட்டுமே பதிவாகும். ஜெனீவா அருகே செர்ன் நிலையத்தின் ராட்சத இயந்திரம், புரோட்டான் கற்றைகள் விநாடிக்கு 4 கோடி முறை வரை எதிரெதிரே கடக்கும்படி அமைக்கப்பட்டது. மனிதக் கண்ணுக்கு இது ஆகிற காரியமா?

எனவே, 2018-ல் விஞ்ஞானிகள் ஒரு போட்டி வைத்தனர். ஒரு நிகழ்ச்சிக்குச் சுமார் 1 லட்சம் புள்ளிகள். அவற்றுள் சுமார் 10 ஆயிரம் தடங்கள். கோடு அழிந்த புள்ளிக் கோலத்தை மீண்டும் போடுவது போன்ற வேலை. விடை தெரிந்த மாதிரிகளைக் காட்டிக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள். தவறு திருத்தப்படத் திருத்தப்பட, எந்தப் புள்ளி எந்தத் தடத்தைச் சேர்ந்தது என்று அது கற்றுக்கொள்கிறது.

துகளை யாரும் நேரில் பார்த்ததில்லை. அது விட்டுச் சென்ற அடையாளத்தைக் கொண்டே அதை அறிகிறோம். அந்த வழியைத் திறந்துவிட்டவர், மேகத்தின் அழகில் மயங்கிய அந்த விவசாயி மகன்தான்.