பார்சிலோனாவில் தங்கிவிட்ட ஹான்ஸ்

குழந்தைகளே, நீங்கள் ஸ்கேட்டிங் ஓட்டியிருக்கிறீர்களா? ஹாக்கி ஆடியிருக்கிறீர்களா? இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஆடினால் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்! காலில் நான்கு சக்கரம் வைத்த காலணி, கையில் வளைந்த மட்டை, வழுவழுப்பான தரையில் சர்ரென்று பாயும் கெட்டிப் பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். அதில் ஒருவர் கோல்கீப்பர். இந்த விளையாட்டுக்கு ரிங்க் ஹாக்கி என்று பெயர்.

ஸ்பெயின் நாட்டில் கேட்டலோனியா என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே இந்த விளையாட்டு என்றால் உயிர். அங்குள்ள ஒரு கிளப் 1973 முதல் 2018 வரை 22 முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றிருக்கிறது. அதிலும் 1978 முதல் 1985 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள், வேறு யாருக்கும் கோப்பையை விட்டுக்கொடுக்கவே இல்லை! அது எந்த கிளப் தெரியுமா? மெஸ்ஸி 2021 வரை ஆடிய அதே பார்சிலோனா கிளப்தான். கால்பந்தால் உலகமே அறிந்த அந்தக் கிளப்பைத் தொடங்கியவர் ஸ்பெயின்காரர் அல்லர் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் ஹான்ஸ் காம்பர். 1877 நவம்பர் 22 அன்று சுவிட்சர்லாந்தில் உள்ள வின்டர்தூர் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே அம்மாவைக் காசநோய் கொண்டுபோய்விட்டது. குடும்பம் சூரிச் நகரத்துக்குக் குடிபோனது. ஹான்ஸுக்கு விளையாட்டில் இது, அது என்ற பேதமே கிடையாது. சைக்கிள் பந்தயம், ஓட்டம், ரக்பி, டென்னிஸ், கால்பந்து எல்லாவற்றிலும் ஒரு கை பார்ப்பார். 1896-இல் நண்பர்களோடு சேர்ந்து சூரிச் கால்பந்துக் கிளப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18தான்!

1898-இல் வியாபார வேலையாக ஆப்பிரிக்கா போகக் கிளம்பினார். வழியில் பார்சிலோனாவில் இருந்த உறவினர் வீட்டில் இறங்கினார். ஊர் பிடித்துவிட்டது. ஆப்பிரிக்கப் பயணம் அதோடு சரி! ஒரு ரயில்வே கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அந்த ஊர் மொழியான கேட்டலன் மொழியைக் கற்றுக்கொண்டார். ஹான்ஸ் என்ற பெயரையும் அந்த ஊர் வழக்கப்படி ஜுவான் என்று மாற்றிக்கொண்டார்.

எல்லாம் இருந்தது, கால்பந்து ஆட மட்டும் கூட்டாளிகள் இல்லை. ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் போய்க் கேட்டபோது, வெளிநாட்டுக்காரர் என்று சேர்த்துக்கொள்ளவில்லை என்று சொல்வார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள், இல்லையா? காம்பர் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார். கால்பந்து ஆட விருப்பமுள்ளவர்கள் தம்மை வந்து பார்க்கலாம் என்று நாலு வரிச் செய்தி. அது 1899 அக்டோபர் 22 அன்று வெளியானது.

நவம்பர் 29 அன்று சோலே உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம். வந்தவர்கள் காம்பரோடு சேர்த்து 12 பேர். சுவிட்சர்லாந்துக்காரர்கள், ஆங்கிலேயர்கள், உள்ளூர்க்காரர்கள் என்று கலவையான கூட்டம். அன்றே கிளப் பிறந்தது. காம்பருக்கு 22 வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது! டிசம்பர் 8 அன்று முதல் ஆட்டம். அந்த ஊரில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் எதிரணி. 0-1 என்று தோற்றுப் போனார்கள். இவ்வளவு பெரிய கிளப்பின் முதல் ஆட்டமே தோல்விதான், பாருங்கள்!

காம்பர் 1903 வரை களத்தில் ஆடினார். ஏறக்குறைய ஐம்பது ஆட்டங்களில் நூறு கோல்களுக்குக் குறையாமல் அடித்தார். பிறகு தம் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

1908-இல் கிளப்புக்குப் பெரிய சோதனை வந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் விலகினார்கள். உறுப்பினர்கள் எண்ணிக்கை 38 ஆகச் சுருங்கியது. கிளப்பை மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அப்போதுதான் காம்பர் எழுந்து நின்றார். டிசம்பர் 2 அன்று தாமே தலைவர் பொறுப்பை ஏற்றார். பழைய உறுப்பினர்களைத் தேடிப் போய்ப் பேசினார், உதவி கேட்டார். அடுத்த ஆண்டு மார்ச் மாதமே 6,000 பேர் பார்க்கக்கூடிய சொந்த மைதானம் திறந்துவிட்டார்கள்! எனக்கு என்னவோ, கிளப்பைத் தொடங்கிய நாளைவிட இந்த நாள்தான் பெரிதாகத் தெரிகிறது.

அந்த மைதானத்தைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? கூட்டம் அதிகமானால் இடம் கிடைக்காதவர்கள் சுற்றுச்சுவர் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். தெருவில் போகிறவர்களுக்கு வரிசையாக அவர்களுடைய பின்புறம் மட்டும்தான் தெரியும்! அதைக் குறிக்கும் கேட்டலன் சொல்லிலிருந்து வந்ததுதான் 'கூலே' என்ற பட்டப்பெயர். பார்சிலோனா ரசிகர்களுக்கு இன்றும் அதே பெயர்தான்.

காம்பர் மொத்தம் ஐந்து முறை தலைவராக இருந்தார். 1922-இல் லெஸ் கோர்ட்ஸ் என்ற பெரிய மைதானம் கட்டப்பட்டது. 38 ஆக இருந்த உறுப்பினர்கள் பத்தாயிரத்தைத் தாண்டினார்கள்.

1923-இல் ஸ்பெயினில் பிரிமோ டி ரிவேரா என்ற தளபதியின் சர்வாதிகார ஆட்சி வந்தது. கேட்டலன் கொடிக்கும் மொழிக்கும் கெடுபிடி. 1925 ஜூன் 14 அன்று லெஸ் கோர்ட்ஸில் ஓர் ஆட்டம். பிரிட்டிஷ் கடற்படை வாத்தியக் குழு ஸ்பெயின் நாட்டுப் பண்ணை வாசித்தபோது கூட்டம் விசிலடித்து எதிர்ப்புக் காட்டியது. அரசாங்கத்துக்கு வந்ததே கோபம்! மைதானத்தை ஆறு மாதம் மூடச் சொன்னது; பிறகு அது மூன்று மாதமாகக் குறைந்தது. விசிலடித்தது கூட்டம், பழி விழுந்தது தலைவர் மேல். காம்பர் பதவியை விட்டு, நாட்டையும் விட்டுப் போக வேண்டியதாயிற்று.

பிறகு திரும்பி வர அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: கிளப்போடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது! தாமே பெற்று வளர்த்த பிள்ளையைத் தூரத்தில் நின்று பார்ப்பது போன்ற நிலைமை. 1929-இல் உலகப் பங்குச் சந்தை சரிந்தபோது அவருடைய பணமும் போயிற்று. மனம் உடைந்து போன காம்பர் 1930 ஜூலை 30 அன்று, 52 வயதில் பார்சிலோனாவிலேயே காலமானார். இறுதி ஊர்வலத்துக்கு ஊரே திரண்டு வந்தது. அந்த நகரின் மோன்ஜுயிக் குன்றில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஹாக்கி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? எல்லா விளையாட்டும் ஆடிய மனிதரின் கிளப் கால்பந்தோடு நிற்குமா? 1923-இல் புல்தரை ஹாக்கி, 1926-இல் கூடைப்பந்து என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. காம்பர் இறந்து 12 ஆண்டுகள் கழித்து, 1942-இல் ரிங்க் ஹாக்கி அணி உருவானது. 1971-இல் கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்திலேயே பலாவ் பிளவ்கிரானா என்ற உள்ளரங்கம் திறக்கப்பட்டது. அதன் பெயருக்கு நீலமும் அடர்சிவப்பும் என்று பொருள். கிளப் சட்டையின் நிறங்கள்! 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் ரிங்க் ஹாக்கி காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. இறுதி ஆட்டம் இந்த அரங்கில்தான் நடந்தது. ஸ்பெயினை வீழ்த்தி அர்ஜென்டினா வென்றது.

1966 முதல் காம்பரின் பெயரால் ஒரு கால்பந்துக் கோப்பைப் போட்டி நடத்துகிறார்கள். பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும். வெளியூர் அணி ஒன்றை விருந்தாளியாக அழைத்து ஆடுவார்கள்.