தூசியை எண்ணியவர்

பினாங்குக் கொடிமலையில் அதிகாலை வேளையில் மூடுபனி தவழும். அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகை காற்றில் வந்து சேரும் மாதங்களிலோ ஜோர்ஜ்டவுன் நகரமே புகைமூட்டத்தில் மங்கிவிடும். வெண்ணிற மூடுபனிக்கும் சாம்பல் நிறப் புகைமூட்டத்திற்கும் அடிப்படை ஒன்றே. அதுதான் காற்றில் மிதக்கும் நுண்துகள். கண்ணுக்குத் தெரியாத அத்துகள்களை எண்ணுவதற்குக் கருவி கண்டவர் ஜோன் எய்ட்கன்.

எய்ட்கன் 1839-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் நகரில் பிறந்தார். கிளாஸ்கோவில் கல்வி கற்று, கப்பல் பொறியியலில் பயிற்சி பெற்றார். உடல்நலம் குன்றியதால் அத்தொழிலைக் கைவிட நேர்ந்தது. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்து, வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொண்டார்.

ஒருமுறை இரண்டு கண்ணாடிக் கலன்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் சாதாரணக் காற்று இருந்தது. மற்றொன்றில் பஞ்சின் வழியே வடிகட்டிய காற்று. இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். முதல் கலனில் வெண்பனி நிறைந்தது. இரண்டாவது தெளிவாகவே இருந்தது. எளிய சோதனைதான். ஆனால், நீராவி பற்றிக்கொண்டு துளியாக மாறுவதற்குத் துகள் வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது. பிரெஞ்சு அறிவியலாளர் குலியே 1875-இலேயே இத்தகைய சோதனையைச் செய்திருந்தார். எய்ட்கன் அதனை அப்போது அறிந்திருக்கவில்லை.

ஒவ்வொரு துகளும் ஒரு துளியாகும் என்றால், துளிகளை எண்ணித் துகள்களின் எண்ணிக்கையை அறியலாம் அல்லவா? அதற்காகவே தூசி எண்ணும் கருவியை உருவாக்கினார். கருவிக்குள் காற்றை விரிவடையச் செய்து குளிர்விப்பார். கட்டங்கள் கீறிய சிறு வெள்ளித் தகட்டில் துளிகள் விழும். உருப்பெருக்கியின் வழியே அவற்றைப் பொறுமையாக எண்ணுவார். நகரக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட துகள்கள் இருந்ததுண்டு. மலையுச்சியில் சில நூறுகளே இருந்ததும் உண்டு.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில்தான் அவருக்குப் புதிர் காத்திருந்தது. வெயில் அடித்த நாள்களில், தூய காற்றிலும் துகள்கள் திடீரெனப் பெருகின. தூசியோ புகையோ இல்லாத இடத்தில் அவை எங்கிருந்து வந்தன? வெயிலே காற்றிலுள்ள வாயுக்களிலிருந்து புதிய துகள்களை உண்டாக்குகிறது என்று எய்ட்கன் கருதினார். அதற்கான முழு விளக்கம் அவர் வாழ்நாளில் கிடைக்கவில்லை. அவர் 1919-இல் காலமானார்.

கந்தக வாயு வெயிலில் வேதிமாற்றம் அடைந்து கந்தக அமில ஆவியாகிறது. அதன் மூலக்கூறுகள் பிற வாயு மூலக்கூறுகளுடன் ஒன்றுகூடித் துகளாகின்றன என்பதைப் பின்வந்தோர் கண்டறிந்தனர். கடற்பாசி வெளியிடும் அயோடினுக்கும் கடலோரத்தில் இதில் பங்குண்டு. இவ்வாறு பிறக்கும் துகள்கள் சற்றே வளர்ந்து, 10 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவை அடையும்போது, அவற்றை அறிவியலாளர்கள் எய்ட்கன் துகள்கள் என்றே அழைக்கின்றனர்.