உளியைக் கையிலிருந்து வாங்கியவர்

சென்ற பருவத்தில் எங்கள் தொழிற்கூடத்துக்கு ரோபோ கை ஒன்று வந்து சேர்ந்தது. இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மனிதக் கையைப் போலவே வளைந்து திரும்பும் ஆறு மூட்டுகள் அதற்கு. நுனியில் சுழலும் வெட்டுளியைப் பொருத்தி, நுரைக்கட்டி ஒன்றில் வளைந்த முகமொன்றைச் செதுக்கினோம். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கிற்று. அந்தப் பெருமிதத்தில் மறுநாள் அலுமினியக் கட்டியை வைத்தோம். கை நடுங்கத் தொடங்கியது. வெட்டிய பரப்பெங்கும் அலை அலையாய்த் தழும்பு!

காரணம் எளிது. மூட்டு ஒவ்வொன்றும் சிறிதே நெகிழ்கிறது. ஆறு நெகிழ்ச்சியும் நுனியில் ஒன்றுசேர்கின்றன. நல்ல கனத்த அரைவை இயந்திரத்தின் உளியை ஒரு மைக்ரான் தள்ளுவதற்கு ஐம்பது நியூட்டன் விசையாவது வேண்டும். ரோபோ கைக்குப் பெரும்பாலும் ஒரு நியூட்டனே போதும். இந்த நடுக்கத்தோடு மல்லுக்கு நின்ற நாட்களில்தான் ஹென்றி மாட்ஸ்லேயின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவர் மல்லுக்கு நின்றதும் கையின் நடுக்கத்தோடுதான்; ஆனால் அது மனிதனுடைய கை.

மாட்ஸ்லே 1771 ஆகஸ்டு 22இல் இங்கிலாந்தில் வுல்விச் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை படையில் காயம்பட்டுப் பின்னர் அவ்வூர்ப் படைக்கலச் சாலையில் பண்டகக் காப்பாளராக இருந்தவர். பன்னிரண்டு வயதில் பிள்ளை அதே சாலையில் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்பும் வேலைக்குப் போனான். பிறகு தச்சுப் பட்டறை. அதன்பின் கொல்லன் உலை. இரும்பைக் கண்டதும் பிள்ளைக்கு மரம் மறந்துபோயிற்று.

பதினெட்டாம் வயதில் லண்டனில் ஜோசப் பிராமாவிடம் சேர்ந்தார். எவராலும் திறக்கமுடியாத பூட்டைச் செய்பவர் என்று பெயர் பெற்றவர் பிராமா. திறப்பவருக்கு 200 கினி தருவதாக அறிவித்து அவர் கடைச் சன்னலில் வைத்த பூட்டு 1851 வரையில் அசையவில்லை. அப்போதும் ஹாப்ஸ் என்ற அமெரிக்கருக்கு அதைத் திறக்க ஐம்பது மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அத்தகைய பூட்டுகளைக் கைத்திறனால் மட்டும் செய்தால் விலை கட்டுமா? பாகங்களை விரைந்து செய்யும் கருவிகளை அமைத்துக் கொடுத்தவர் மாட்ஸ்லே. அங்கே வீட்டுப்பணி செய்த சாராவை மணந்தார், பிள்ளைகளும் பிறந்தனர். வாரம் முப்பது ஷில்லிங் கூலி குடும்பத்துக்குப் போதவில்லை. 1797இல் உயர்த்திக் கேட்டார், பிராமா மறுத்தார். மாட்ஸ்லே வெளியேறித் தனிப் பட்டறை தொடங்கினார். பிராமாவுக்கு அன்று மிச்சமானது சில ஷில்லிங். இழந்தது எவ்வளவு என்பதைப் பின்னால் வந்த ஆண்டுகள் சொல்லும்.

அந்நாளில் லேத்தில் வேலை செய்பவன் உளியைக் கையிலே பிடித்து, ஒரு தாங்குகட்டையில் ஊன்றி அழுத்துவான். தோள் சோர்ந்தால் உருளை கோணும். திருகுக்குப் புரி வெட்டுவதென்றால் கேட்கவே வேண்டாம். ஒரு பட்டறைத் திருகாணிக்கு அடுத்த பட்டறை மரை சேராது. மாட்ஸ்லே உளியை இரும்புத் தாங்கியில் இறுக்கினார். அந்தத் தாங்கியை நேரான தண்டவாளத்தின்மேல் நகரவிட்டார். நகர்த்துவதற்கு ஒரு நீண்ட வழிகாட்டித் திருகு. அதைச் சுழற்றப் பற்சக்கரங்கள். சக்கரத்தை மாற்றினால் புரியின் இடைவெளி மாறும். நகரும் தாங்கி அவருக்கு முன்பே பிரான்சில் வோகான்சன் செய்த லேத்தில் இருந்தது. ஆகவே அதை முதலில் கண்டவர் என்று அவரைப் புகழ்வது சரியன்று. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, கனத்த இரும்பில், துல்லியமாக அமைத்ததே அவர் சிறப்பு. ஐந்தடி நீளமும் இரண்டங்குல விட்டமும் உள்ள ஒரு திருகில் அங்குலத்துக்கு 50 புரி வீதம் வெட்டிக் காட்டினார்!

பிறகு போர்ட்ஸ்மத் கப்பல் தளத்து வேலை வந்தது. பாய்மரக் கப்பல்களுக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் கப்பிகள் தேவை. மார்க் புரூனெல் வகுத்த திட்டப்படி மாட்ஸ்லே நாற்பதுக்கு மேற்பட்ட இயந்திரங்களைச் செய்து கொடுத்தார். 1808இல் 1,30,000 கப்பிகள் உருவாயின. நூற்றுப்பத்துத் தொழிலாளர் செய்ததைப் பயிற்சியில்லாத பத்துப் பேர் செய்தனர். எஞ்சிய நூறு பேரைப் பற்றி எழுதுவோர் ஒரு வரியோடு கடந்துவிடுகிறார்கள். இயந்திரக் கையை இயக்கக் கற்கும் எனக்கு அந்த வரியை அவ்வளவு எளிதாகக் கடக்க முடியவில்லை.

1810இல் லாம்பெத்துக்கு மாறிய அவர் பட்டறை ஒரு கல்லூரிபோல் விளங்கிற்று. விட்வொர்த், நாஸ்மித், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோர் அங்கே பழகியவர்களே. தொழிலாளர் மேடைகளில் துல்லியமான சமதளத் தட்டுகளை வைத்திருந்தார். பத்தாயிரத்தில் ஓர் அங்குலத்தை அளக்கும் திருகுமானி ஒன்றையும் வைத்திருந்தார்; சர்ச்சைகளுக்கு அதுவே முடிந்த தீர்ப்பு என்பதால் அதற்கு லார்டு சான்சலர் என்னும் பட்டத்தையே பெயராகச் சூட்டியிருந்தார்.

பிரான்சில் நண்பரைக் கண்டு திரும்புகையில் பிடித்த சளி அவரை விடவில்லை. 1831 பிப்ரவரி 14இல் காலமானார். வுல்விச்சில் அவர் குடும்பத்துக்கு எழுந்த கல்லறை வார்ப்பிரும்பால் ஆனது. அதன் அமைப்பையும் அவரே வகுத்திருந்தார். லேத் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்கள் கைக்கு இப்போது கான்கிரீட் பீடம் போட்டிருக்கிறோம். கையை அதிகம் நீட்டவிடாமல், கட்டியை அருகில் வைத்து, வெட்டின் ஆழத்தையும் குறைத்தோம். தழும்பு குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. கடைசிப் பரப்பை இன்னும் பழைய அரைவை இயந்திரத்தில்தான் முடிக்கிறோம்.