கென்னத் கிரகாம்

கென்னத் கிரகாம் (மார்ச் 8, 1859 – ஜூலை 6, 1932) ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஆவார். அகழெலி, நீரெலி, வளைக்கரடி, தேரை ஆகியவற்றைக் கதைமாந்தர்களாகக் கொண்ட தி விண்ட் இன் த வில்லோஸ் (1908) என்ற சிறுவர் புதினத்தால் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இவருக்கு ஐந்து வயதானபோது தாய் செங்காய்ச்சலால் இறந்தார். தந்தை குடிப்பழக்கத்துக்கு ஆளானவர். எனவே பிள்ளைகள் பெர்க்சயரில் தேம்ஸ் ஆற்றை ஒட்டிய குக்கம் டீனில் பாட்டியிடம் வளர்ந்தனர். புதினத்தில் வரும் ஆறு இந்த ஆறே. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்பினார். செலவைக் காரணம் காட்டி உறவினர் மறுத்துவிட்டனர். 1879 இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் எழுத்தராகச் சேர்ந்து 1898 இல் அதன் செயலாளரானார். 1903 இல் வங்கிக்குள் புகுந்த ஒருவர் இவரை நோக்கிச் சுட்டார், குண்டுகள் படவில்லை. 1908 இல், புதினம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், பணி ஓய்வு பெற்றார்.

சொல்லப்பட்ட கதை

1899 இல் எல்ஸ்பெத் தாம்சனை மணந்தார். 1900 இல் பிறந்த ஒரே மகன் அலஸ்டருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. அவனுக்கு இரவில் சொன்ன கதையே பின்னர் புதினமாயிற்று. 1907 இல் பிரிந்திருந்தபோது தேரையின் சாகசங்களைக் கடிதங்களாக எழுதி அனுப்பினார். சிறுவனைக் கவனித்துவந்த ஆசிரியை அவற்றைப் பத்திரப்படுத்தியிராவிட்டால் நூல் உருவாகியிருக்குமா என்பது ஐயமே. அக்கடிதங்கள் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளன.

விடியலில் குழலூதும் தெய்வம் தோன்றும் அத்தியாயம் போன்ற சில பகுதிகள் நூலுக்காகப் பின்னர் சேர்க்கப்பட்டவை. ஒலிநூலாகக் கேட்கும்போது இந்த வேறுபாடு எளிதில் புலப்படும். தேரையின் அத்தியாயங்கள் சொல்லுவதற்கென்றே அமைந்தவை போல விரைந்து செல்கின்றன. மற்றவை நிதானமாக நகர்கின்றன. அச்சில் சிலருக்குச் சலிப்பூட்டும் நீண்ட வருணனைகள், நல்ல குரலில் கேட்கும்போது பாரமாக இருப்பதில்லை.

தொடக்கத்தில் மதிப்புரைகள் சாதகமாக இல்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் நூலை விரும்பிப் படித்தார். 1929 இல் ஏ. ஏ. மில்ன் இதனை நாடகமாக்கினார்.

இறுதிக்காலம்

ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்த அலஸ்டர், 1920 மே மாதம், இருபது வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்தபோது தொடருந்துப் பாதையில் இறந்துகிடந்தார். விபத்து எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. தற்கொலை என்பதே வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அதன்பின் கிரகாம் மிகக் குறைவாகவே எழுதினார். 1932 இல் பாங்போர்னில் காலமானார். ஆக்ஸ்போர்டின் ஹோலிவெல் கல்லறைத் தோட்டத்தில் மகனருகே அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

ஒலிவடிவங்கள்

எழுத்தாளர் ஆலன் பென்னட்டின் குரலில் பிபிசி வெளியிட்ட சுருக்கப்பட்ட வடிவம் புகழ்பெற்றது. 2005 இல் தொடங்கப்பட்ட லிப்ரிவாக்ஸ் திட்டத்தின் தன்னார்வலர்கள் முழு நூலையும் வாசித்துப் பதிவு செய்துள்ளனர். அதனை இலவசமாகத் தரவிறக்கிக் கேட்கலாம்.