கஃபு (ரலி) அவர்களின் 50 நாட்கள்

கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் கஸ்ரஜ் கோத்திரத்து அன்ஸாரி, கவிஞர், இரண்டாம் அகபா உடன்படிக்கையில் கலந்துகொண்டவர்கள். அத்தகையவர்கள் ஹிஜ்ரி 9-ல் (கி.பி. 630) தபூக் படையுடன் செல்லாமல் பின்தங்கியது நமக்கு வியப்பையே தருகிறது. நோயில்லை, வறுமையுமில்லை. முன்னெப்போதும் இல்லாதபடி இரு வாகன ஒட்டகங்கள் இருந்தன. கனிகள் பழுத்து, நிழல் இதமாயிருந்த காலம். நாளை ஆயத்தமாகலாம் என்றே நாட்கள் கழிந்தன. படை வெகுதூரம் போய்விட்டது. (நம் வீடுகளில் களாத் தொழுகைகள் சேர்வதும் இப்படித்தான்!)

நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பியதும் 80-க்கு மேற்பட்டோர் சாக்குச் சொல்லித் தப்பினர். நாவன்மை மிக்க கஃபு (ரலி) அவர்களுக்கும் அது எளிதே. ஆனால் இன்று பொய்யால் திருப்திப்படுத்தினாலும் நாளை அல்லாஹ் வெளிப்படுத்துவான் என்றஞ்சி, காரணம் ஏதுமில்லை என்ற உண்மையையே சொன்னார்கள். குலத்தார் கடிந்துகொண்டபோது, திரும்பிப் போய்ப் பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. முராரா, ஹிலால் (ரலி) இருவரும் உண்மையே கூறியிருந்ததை அறிந்து நிலைத்துவிட்டார்கள்.

அம்மூவருடனும் எவரும் பேசலாகாதெனக் கட்டளையாயிற்று. சிறிய தந்தையின் மகனான அபூ கதாதா (ரலி) அவர்கள்கூட ஸலாமுக்குப் பதில் கூறவில்லை. அந்த வேளை பார்த்து, ஆதரிப்பதாகக் கஸ்ஸான் மன்னனின் கடிதம் வந்தது, அதை அடுப்பிலிட்டார்கள். 40-ஆம் நாள் மனைவியையும் விலகியிருக்க ஆணை வந்தது. 50-ஆம் நாள் ஸுப்ஹுக்குப் பின் தௌபா ஏற்கப்பட்ட நற்செய்தி! கொண்டுவந்தவருக்கு உடுத்திருந்த ஆடைகளையே கொடுத்துவிட்டு, இரவல் ஆடையில் பள்ளிவாசலுக்கு விரைந்தார்கள்.

முதுமையில் பார்வையிழந்தபோது கைபிடித்து நடத்திய மகன் அப்துல்லாஹ்விடம் இவ்வளவையும், தம் குறையைச் சற்றும் மறைக்காமல், அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.