கைவிளக்கேந்திய காரிகை

மே 12-ஆம் நாள் உலகச் செவிலியர் நாள். கைவிளக்கேந்திய காரிகை என்று நாமெல்லாம் அறிந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாளே அது. அவர் ஏந்திய விளக்கை அறிந்த நாம், மருத்துவமனைக் கழிவுகளோடு அவர் நடத்திய போரையும் அறிய வேண்டாமா?

அம்மையார் 1820-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வது உயர்குடிப் பெண்களுக்கு இழிவு என்று கருதப்பட்ட காலம் அது. வீட்டார் தடுத்தும் அவர் மனம் தளரவில்லை. 1851-இல் ஜெர்மனியில் பயிற்சி பெற்றார்.

1854-இல் கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டு செய்ய, 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார். அவர்களுள் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அங்கே கட்டடத்தின் அடியில் சாக்கடைகள் அடைபட்டுக் கிடந்தன. அம்மையார் தரையைத் துடைக்கச் செய்தார், துணிகளை வெளுக்கச் செய்தார், நல்லுணவு அளித்தார். ஆயினும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் மாண்டனர். மார்ச் மாதம் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைச் சுத்தம் செய்தது. குப்பைகளையும் செத்த விலங்குகளையும் அகற்றியது. ஜூன் மாதத்தில் அந்த 42 என்னும் எண் 2 ஆகக் குறைந்தது!

போர் முடிந்தபின் அம்மையார் இக்கணக்குகளை ஆராய்ந்தார். காயங்களைவிட அசுத்தமே மிகுதியானவரைக் கொன்றது என்று கண்டார். 1858-இல் அதை வண்ணப் படமாக வரைந்து ஆட்சியாளர்களுக்கு உணர்த்தினார். இந்தியாவுக்கு வராமலே, இங்குள்ள படை முகாம்களின் குடிநீர், சாக்கடை பற்றிய விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தார்.

செவிலியருக்கு அவர் கற்பித்த பாடம் எளியது. நோயாளியின் மலசலக் கலத்தை மூடி எடுத்துச் சென்று, உடனே கொட்டிக் கழுவ வேண்டும். கைகளை அடிக்கடி கழுவ வேண்டும். இது என் வேலையன்று என்பவளுக்குச் செவிலியர் பணி உரியதன்று என்பது அவர் கருத்து. 1860-இல் லண்டனில் செவிலியர் பள்ளியையும் நிறுவினார். 1910-இல் தமது 90-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் பாடம் இன்றும் பழசாகவில்லை. 2016-ஆம் ஆண்டின் இந்திய விதிகளின்படி, இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையிலும், பிளாஸ்டிக் குழாயும் கையுறையும் சிவப்புப் பையிலும், ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளைக் கலத்திலும், கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டியிலும் சேர வேண்டும். இரத்தம் தோய்ந்த பஞ்சு போன்ற கழிவைச் சுத்திகரிக்காமல் பொதுவாக 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

ஊசி போட்ட கைக்குத்தான் அது எந்த நோயாளியின் உடலில் பட்டது என்று தெரியும். குப்பை அள்ளுபவருக்குத் தெரியாது. தவறான பையில் விழுந்த ஓர் ஊசி அவர் கையில் தைத்தால் மஞ்சள் காமாலையும் எய்ட்ஸும் தொற்றக்கூடும். ஆகவே நோயாளியைக் காக்கும் செவிலியரே அந்தத் தொழிலாளியையும் காக்கிறார்.

நம்மில் பலர் நாளை செவிலியராகி, பூவத்திலிருந்து காரைக்காலுக்கும் அதற்கப்பாலும் பணிக்குச் செல்வோம். வெள்ளுடையை விரும்பும் நாம், குப்பைக் கூடையையும் அருவருக்காமல் பொறுப்பேற்போம். அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே!