தம்பிகளைக் கரையேற்றிய அண்ணன்

மின்சார யுகத்துக்கு வழி திறந்த வெர்னர் சீமென்ஸின் வாழ்க்கை

1840-ம் ஆண்டு ஜனவரி மாதம். ஜெர்மனியின் வடபகுதியில், மெக்லன்பர்க் பிரதேசத்தில் ஒரு விவசாயி இறந்துபோனார். அவருடைய மனைவி ஆறு மாதங்களுக்கு முன்புதான் கண்ணை மூடியிருந்தார்.

அந்தத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளைகள் 14 பேர். சொந்த நிலம் கிடையாது. குத்தகை நிலத்தில் பாடுபட்டு வந்த குடும்பம் அது. தாயும் தகப்பனும் போனபின் சிறு பிள்ளைகள் திக்கற்று நின்றார்கள். கடைக்குட்டிக்கு நாலு வயதுகூட நிரம்பவில்லை.

அப்போது பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டவர் வெர்னர் சீமென்ஸ். அவருக்கு வயது 23. பட்டாளத்தில் சிறிய அதிகாரி. சம்பளமோ அவர் ஒருவரின் செலவுக்கே பற்றாது. ஆனாலும் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்து ஆளாக்குவது தன் கடமை என்று உறுதி கொண்டார்.

அந்தக் கடமையிலிருந்துதான் உலகம் முழுவதும் பரவிய ஒரு பெரிய தொழில் நிறுவனம் பிறந்தது.

வாத்தை விரட்டிய சிறுவன்

வெர்னர் 1816-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி, ஹனோவர் நகருக்கு அருகே லெந்தே என்ற கிராமத்தில் பிறந்தார்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது நடந்த ஒரு சம்பவத்தைக் கடைசி வரை மறக்கவில்லை. அவருடைய அக்காள் மதில்டே பாதிரியார் வீட்டுக்குப் பின்னல் வேலை கற்கப் போய் வந்தாள். அங்கே முற்றத்தில் ஒரு பெரிய ஆண் வாத்து. அவளைக் கண்டால் சீறிக்கொண்டு துரத்தும். அவள் அழுதுகொண்டே வீடு திரும்புவாள்.

தகப்பனார் சிறுவன் வெர்னரின் கையில் ஒரு தடியைக் கொடுத்தார். அக்காளுக்குத் துணையாகப் போகும்படி சொன்னார். வாத்து வந்தால் ஓடாமல் எதிர்த்துப் போகவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். வாத்து சீறி வந்தது. சிறுவனுக்கு நடுக்கம்தான். ஆனாலும் தடியை ஓங்கிக்கொண்டு முன்னே போனான். வாத்து பயந்து ஓடிவிட்டது!

எதிரே வரும் ஆபத்துக்கு முதுகு காட்டக்கூடாது என்ற பாடத்தை அன்றே கற்றதாக, முதுமையில் தம் சுயசரிதையில் அவர் எழுதினார்.

கால்நடையாகப் பெர்லினுக்கு

வெர்னருக்குக் கணக்கிலும் பௌதிகத்திலும் ஆசை அதிகம். எஞ்சினீயர் படிப்புப் படிக்க விரும்பினார். ஆனால் தகப்பனாரிடம் அதற்குப் பணம் இல்லை.

பிரஷ்ய ராணுவத்தில் சேர்ந்தால் செலவில்லாமல் அதே பாடங்களைப் படிக்கலாம் என்று ஓர் ஆசிரியர் யோசனை சொன்னார். 17 வயது வெர்னர் 1834-ல் மூட்டையைக் கட்டிக்கொண்டு நடந்தே பெர்லினுக்குப் போனார். படையில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு பெர்லினில் உள்ள ராணுவக் கல்லூரியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் படித்தார்.

அவர் பெற்ற முறையான உயர்கல்வி அவ்வளவுதான்.

சிறைக்குள் சோதனைச்சாலை

படையில் இருந்தபோது இரண்டு அதிகாரிகளுக்குள் சண்டை மூண்டது. அந்தக் காலத்து வழக்கப்படி அவர்கள் ஆயுதம் ஏந்தி ஒற்றைக்கு ஒற்றை மோதினார்கள். வெர்னர் ஒருவருக்குத் துணையாளாக நின்றார். இது சட்டப்படி குற்றம். வெர்னருக்கு ஐந்து ஆண்டு கோட்டைச் சிறைத் தண்டனை கிடைத்தது.

மற்றவர்களாக இருந்தால் மனம் உடைந்திருப்பார்கள். வெர்னரோ இனி நிறைய நேரம் கிடைக்கும் என்று எண்ணினார். மாக்டபர்க் கோட்டைச் சிறைக்குள் ரசாயனப் பொருள்களை ரகசியமாகத் தருவித்து, தம் அறையையே சோதனைச்சாலை ஆக்கிக்கொண்டார்.

மின்சாரத்தின் உதவியால் ஓர் உலோகத்தின்மேல் தங்க முலாம் பூச முடியுமா என்பதே அவருடைய ஆராய்ச்சி. சாதாரண டீ ஸ்பூன் ஒன்றைத் தங்கம் கரைந்த திரவத்தில் வைத்து மின்சாரத்தைச் செலுத்தினார். சில நிமிஷங்களில் ஸ்பூன் பொன்னாகப் பளபளத்தது. ஒரு நகை வியாபாரி இந்த முறையை விலை கொடுத்து வாங்கிக்கொண்டார்.

சுமார் ஒரு மாதத்தில் மன்னர் மன்னிப்பு அளித்துவிட்டார். வெர்னருக்கு இது சங்கடமாகப் போயிற்று! ஆராய்ச்சி முடிய இன்னும் சில நாள் சிறையில் இருக்க அனுமதி கேட்டார். மன்னரின் கருணையை மதிக்காத செயல் இது என்று அதிகாரிகள் கோபம் கொண்டார்கள். நள்ளிரவில் அவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

1842-ல் இந்த முலாம் முறைக்குப் பிரஷ்ய அரசின் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டு, தம்பி வில்லெம் அதை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். அவருக்கு அப்போது 19 வயது. ஆங்கிலமும் சரியாகத் தெரியாது. ஆனாலும் பர்மிங்ஹாமில் எல்கிங்டன் கம்பெனிக்குச் சுமார் 1,500 பவுனுக்கு விற்றுவிட்டுத் திரும்பினார். தம்பி தங்கைகளின் படிப்புச் செலவுக்கு அந்தப் பணம் கைகொடுத்தது.

சுருட்டுப் பெட்டியில் பிறந்த தந்தி

அப்போது தந்தி புதிதாக வந்திருந்தது. கம்பி வழியாகச் செய்தி அனுப்பும் அந்த அதிசயத்தில் பல குறைகள் இருந்தன. வெர்னர் அதைச் சீர்திருத்த முனைந்தார். சுருட்டுப் பெட்டி, தகரத் துண்டு, சில இரும்புத் துண்டுகள், கொஞ்சம் செப்புக் கம்பி. இவற்றைக்கொண்டு ஒரு மாதிரிக் கருவியை அமைத்தார். ஓர் ஊரில் எந்த எழுத்தில் முள்ளை நிறுத்துகிறார்களோ, அதே எழுத்தில் அடுத்த ஊரிலும் முள் போய் நிற்கும். யாரும் எளிதில் கையாளலாம்.

ஹால்ஸ்கே என்ற கைதேர்ந்த தொழிலாளி அந்தக் கருவியைப் பார்த்தார். உடனே அதன் அருமை அவருக்குப் புரிந்தது. இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். முதல் போட இருவரிடமும் பணம் இல்லை. வெர்னரின் உறவினர் ஒருவர் 6,842 தாலர் கடன் கொடுத்தார். 1847-ம் ஆண்டு அக்டோபர் மாதம், பெர்லினில் ஒரு வீட்டின் பின்கட்டில் பட்டறை தொடங்கியது. பெயர் 'சீமென்ஸ் - ஹால்ஸ்கே'.

கம்பியை மண்ணுக்குள் புதைத்தால் ஈரம் பட்டு மின்சாரம் கசிந்துவிடும். இதற்கும் வெர்னர் வழி கண்டார். மலாய் நாட்டு மரம் ஒன்றின் பாலிலிருந்து 'கட்டாபெர்ச்சா' என்ற பொருள் கிடைக்கிறது. ரப்பரைப் போன்றது. அதை உருக்கி, இணைப்பே தெரியாமல் கம்பியைச் சுற்றிப் பூசும் இயந்திரத்தை அவர் செய்தார்.

பெர்லினுக்கும் பிராங்பர்ட்டுக்கும் இடையே தந்திப் பாதை போடும் வேலை கிடைத்தது. தூரம் சுமார் 500 கிலோமீட்டர். 1849 மார்ச் 28-ந் தேதி, பிராங்பர்ட்டில் கூடிய தேசிய சபை பிரஷ்ய மன்னரைச் சக்கரவர்த்தியாகத் தேர்ந்தெடுத்தது. அந்தச் செய்தி ஒரு மணி நேரத்துக்குள் பெர்லினுக்கு எட்டியது. ஊரே வியந்தது. அந்த ஆண்டே வெர்னர் ராணுவ வேலையை விட்டு விலகினார்.

உண்மை சொன்னதற்கு விலை

இரண்டு ஆண்டுகளில் சோதனை வந்தது. புதைத்த கம்பிகள் ஒவ்வொன்றாகப் பழுதடைந்தன. செலவைக் குறைப்பதற்காகப் பள்ளத்தை ஆழமாக வெட்டவில்லை. கம்பிக்கு மேலுறையும் போடவில்லை. எலிகள் கடித்தன.

பழி முழுவதும் வெர்னர்மேல் விழுந்தது. அவர் 1851-ல் ஒரு சிறு நூல் எழுதி, தவறு எங்கே நடந்தது என்று விளக்கினார். தந்தி இலாகா அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. அரசாங்க வேலைகள் அடியோடு நின்றுபோயின. பல ஆண்டுகள் அந்தக் கதவு திறக்கவே இல்லை.

பட்டறையை நம்பித் தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. தம்பிகள் இருந்தார்கள். வெர்னர் வெளிநாட்டை நோக்கித் திரும்பினார்.

ருஷ்யாவில் வேலை கிடைத்தது. தம்பி கார்ல் அங்கே போனார். 1853 முதல் 1855 வரை, கிரைமியா யுத்தம் நடந்த சமயத்தில், பால்டிக் கடலோரத்திலிருந்து கருங்கடல் வரை ருஷ்யாவின் தந்திப் பாதைகளை அமைத்தார். லண்டன் கிளையை வில்லெம் கவனித்தார். பெர்லினில் அண்ணன், லண்டனில் ஒரு தம்பி, பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு தம்பி. மூன்று தலைநகரங்களில் ஒரே குடும்பம். பல நாடுகளில் வேர்விட்ட தொழில் நிறுவனங்களில் இது மிகவும் முற்பட்டது.

கூட்டாளி விலகினார்

எல்லாம் வெற்றியாகவே முடிந்தது என்று எண்ணவேண்டாம். 1864-ல் ஸ்பெயினுக்கும் அல்ஜீரியாவுக்கும் இடையே கடலடியில் கம்பி போட முயன்றார்கள். கம்பி அறுந்து அறுந்து கடலோடு போயிற்று. பெருத்த நஷ்டம்.

ஹால்ஸ்கே நிதானமானவர். தாமே கண்ணால் பார்த்துச் செய்யும் நேர்த்தியான கைவேலைதான் அவருக்குப் பிடிக்கும். இவ்வளவு பெரிய ஆபத்தான காரியங்கள் அவருக்குச் சரிப்படவில்லை. 1867-ன் முடிவில் கூட்டிலிருந்து விலகிக்கொண்டார். ஆனால் சண்டை இல்லை. தம் பணத்தைப் பல ஆண்டுகள் கம்பெனியிலேயே விட்டுவைத்தார். கடைசி வரை இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு

சகோதரர்கள் செய்த காரியங்களில் நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது ஒன்று உண்டு. அதுதான் இங்கிலாந்து-இந்தியா தந்திப் பாதை.

1865 முதலே துருக்கி வழியாக ஒரு தந்திப் பாதை இருந்தது. ஆனால் வழியில் பல நாட்டு ஊழியர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்தியை அனுப்ப வேண்டும். வந்து சேரப் பல நாள் ஆகும். வந்த பிறகும் பாதி புரியாது.

லண்டனிலிருந்து பெர்லின், ருஷ்யா, பாரசீகம் வழியாக ஒரே நேர்ப்பாதை போட சகோதரர்கள் துணிந்தார்கள். மூன்று அரசாங்கங்களின் அனுமதியை வாங்கினார்கள். காக்கசஸ் மலைகளின் வழியாகவும், பாரசீகத்தின் வறண்ட பூமியிலும் கம்பங்களை நட்டார்கள். டெஹ்ரானில் இந்தப் பாதை இந்திய சர்க்காரின் பாதையோடு சேர்ந்தது. மொத்த நீளம் சுமார் 11,000 கிலோமீட்டர்.

1870 ஏப்ரல் 12-ந் தேதி சோதனை நடந்தது. லண்டனிலிருந்து புறப்பட்ட செய்தி 28 நிமிஷத்தில் கல்கத்தாவை அடைந்தது! அதே ஆண்டில் ஒரு பூகம்பம் கருங்கடலில் போட்டிருந்த கம்பியை அறுத்துவிட்டது. கரை வழியாக வேறு பாதை போட்டுச் சரிசெய்தார்கள். அந்தத் தந்திப் பாதை 1931 வரை உழைத்தது.

இரும்புக்குள் ஒளிந்திருந்த சக்தி

வெர்னரின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு 1866-ல் நிகழ்ந்தது. அதுவரை மின்சாரத்துக்குப் பெரும்பாலும் பாட்டரியையே நம்பவேண்டும். காந்தத்தின் அருகே கம்பிச்சுருளைச் சுழற்றினாலும் மின்சாரம் வரும். ஆனால் சாதாரணக் காந்தத்தின் வலிமை மிகவும் குறைவு.

ஒருமுறை காந்தமான இரும்பில் எப்போதும் கொஞ்சம் காந்த சக்தி மிச்சம் இருக்கும். அதன் நடுவே சுருளைச் சுழற்றினால் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரத்தை அதே இரும்பைச் சுற்றியுள்ள கம்பியில் செலுத்தினால் காந்தம் வலுக்கும். காந்தம் வலுத்தால் மின்சாரம் பெருகும். மின்சாரம் பெருகினால் காந்தம் மேலும் வலுக்கும். சிறு பொறி பெருநெருப்பாவதுபோல, ஒன்றை ஒன்று வளர்க்கும். இதுதான் டைனமோவின் தத்துவம். இங்கிலாந்தில் வேறு சிலரும் ஏறக்குறைய அதே சமயத்தில் இதைக் கண்டார்கள். ஆனால் இதனால் விளையப்போகும் பெரும் பயனை வெர்னர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

1879-ல் பெர்லினில் நடந்த பொருட்காட்சியில் அவருடைய மின்சார ரெயில் ஓடியது. 300 மீட்டர் வட்டப் பாதை. மூன்று சிறிய வண்டிகள். நிலக்கரியும் இல்லை, புகையும் இல்லை. நாலு மாதத்தில் 86,000 பேர் ஏறி மகிழ்ந்தார்கள். 1880-ல் மின்சார லிப்ட். 1881-ல் பெர்லினுக்கு அருகே மின்சார டிராம்.

கொடுத்த கை

தகப்பன் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று வெர்னருக்குத் தெரியும். 1872-ல் தம் தொழிலாளிகளுக்காக ஓய்வூதிய நிதி ஒன்றை ஏற்படுத்தினார். தொழிலாளி இறந்தால் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் அதிலிருந்து உதவி கிடைக்கும். அரசாங்கமே இப்படிப்பட்ட ஏற்பாடு செய்யாத காலம் அது. அனுபவமுள்ள தொழிலாளிகள் கம்பெனியை விட்டுப் போகாமல் இருப்பார்கள் என்பதும் அவர் கணக்கில் இருந்தது. இதை அவர் மறைக்கவில்லை.

அடிப்படை விஞ்ஞான ஆராய்ச்சிக்காகப் பேர்லினில் அரசாங்கக் கழகம் ஒன்று 1887-ல் தோன்றியது. அதற்கு அரை மில்லியன் மார்க் மதிப்புள்ள நிலத்தை அவர் தானமாகக் கொடுத்தார். 1888-ல் சக்கரவர்த்தி அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தார்.

அவரிடம் ஒரு குறையும் உண்டு. கம்பெனி குடும்பத்தின் கையிலேயே இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். வெளியார் பணத்தைச் சேர்க்க மனம் இல்லை. அதனால் பின்னால் வந்த போட்டிக் கம்பெனிகள் வேகமாக வளர்ந்தன. அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1897-ல்தான் அது பங்குதாரர் கம்பெனியாக மாறியது.

1892 டிசம்பர் 6-ந் தேதி வெர்னர் சீமென்ஸ் காலமானார். 76-வது பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது.

பிறகு அந்தக் கம்பெனி பல நிலைகளைக் கண்டது. ஹிட்லர் காலத்தில் கைதிகளையும் பிறநாட்டாரையும் கட்டாயமாக வேலை வாங்கிய களங்கமும் அதன் வரலாற்றில் உண்டு. விதவைக்கும் அனாதைக்கும் நிதி வைத்தவர் தொடங்கிய இடத்திலேயே அது நடந்தது. யுத்தத்துக்குப் பின் மீண்டும் எழுந்தது. இன்று ரெயில், ஆலை இயந்திரம், மருத்துவக் கருவி என்று பல துறைகளில் அந்தப் பெயர் உலகெங்கும் வழங்குகிறது. மின்சாரம் எவ்வளவு தடையின்றிப் பாய்கிறது என்பதை அளக்கும் அளவுக்கும் 'சீமென்ஸ்' என்றே பெயர்.

தம்பிகளும் சோடை போகவில்லை. வில்லெம் இங்கிலாந்தில் சர் பட்டம் பெற்றார். பிரெடரிக் கண்ட உலை முறை, எஃகும் கண்ணாடியும் செய்ய உதவியது. கார்ல் ருஷ்யாவில் பெயரெடுத்தார்.

1840-ல் ஏழைச் சிப்பாய் அதிகாரி ஒருவர் தம்பிகளைக் கைவிட்டிருந்தால், யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கைவிடவில்லை. சிறு பிள்ளைகளாய் அண்ணன் கையைப் பிடித்து நின்ற அந்தத் தம்பிகள்தான், வளர்ந்தபின் அவருக்கு இரு கைகளாக நின்றார்கள்.